இடப்பக்கச் சுண்ணாம்பு

இதை எனக்கு முதலில் சொன்னது குழல்வாய்மொழி அக்கா. என் இரண்டாவது மகன் வேலைக்கென்று வடக்கே ரயில் ஏறிய வருஷம், புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, பெருமாள் கோயில் நடை திறக்கட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். அக்கா பூத் தொடுத்துக்கொண்டே சொன்னாள். விரல் பாட்டுக்கு வேலை செய்தது. கண் என் முகத்தில் இருந்தது. அதனால்தான் அவளுக்கு அந்த நேரம் இந்தக் கதை வாயில் வந்திருக்க வேண்டும்.

வேங்கைக்குறிச்சிப் பாளையத்தில் ராணி உலகநாச்சி இறந்து அன்றோடு ஒரு வருஷம் திரும்புகிறது. ராசா சிவனணைந்த பூபதி விடியலில் ஆற்றுக்குப் போய்த் திவசம் கொடுத்து, ஒரு வருஷமாக வளர்த்த தாடியையும் நகத்தையும் கரையிலேயே களைந்துவிட்டு வந்தாயிற்று. பந்தி முடிந்து இலையும் எடுத்தாயிற்று. துக்கத்தில் வெற்றிலையே தொடாமல் இருந்தவர் இப்போது முதல் வெற்றிலை போடப் போகிறார். அதை மடித்துக் கொடுக்க வேண்டியவள் பிரமு. அதிலேயே அவரைக் கொல்ல வேண்டும் என்றுதான் பத்து மாதத்துக்கு முன்னால் அவள் அந்த அரண்மனைக்குள் வந்தாள்.

வெற்றிலைப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஈரத் துணியால் ஒவ்வொரு வெற்றிலையாகத் துடைக்கிறாள், துடைக்கத் துடைக்கக் குமட்டுகிறது, குளிர்ந்துபோய் வழவழவென்று தவளை முதுகைத் தொட்டமாதிரி இருக்கிறது, இத்தனை நாள் தொட்டும் பழகவில்லையே இந்தச் சனியன். முற்றத்து எச்சில் இலைக் குவியலில் இருந்து பாயசமும் புளித்த மோரும் சேர்ந்து ஒரு வாடை வருகிறது. ஈ வந்து உட்காருகிறது, விரட்டினால் அடுத்த வெற்றிலையில் உட்காருகிறது. அங்கே எதில் உட்கார்ந்திருந்ததோ அதே காலோடு. மூலையில் பித்தளைப் படிக்கம், இப்போதுதான் கழுவிக் கவிழ்த்தது, அடியில் இன்னும் சிவப்பாக ஒரு வளையம். பத்து மாதமாகப் படிக்கம் கழுவுகிறாள். ராசா போடாவிட்டால் என்ன, துக்கம் கேட்க வருகிற மாமன் மச்சான் பாளையக்காரன் எல்லாரும் போட்டுத் துப்புகிறார்களே. கொழகொழவென்று சிவப்பு, அதில் பாக்குத் தும்பு, ஒருதரம் யாரோ ஒரு கிழவரின் பல். அதை விரல்விட்டு எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கிணற்றடியில் கையைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள், தோல் உரிகிற மட்டும். எச்சில் என்றால் பிறந்ததிலிருந்து அவளுக்கு ஆகாது. அண்ணன் சங்கிலி கடித்த மாங்காயில் மறுபக்கத்தை நீட்டினால்கூட "தூ" என்று ஓடுவாள். அவன் பரிசலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு சிரிப்பான். "ஏட்டி பிரமு, உன்னைக் கட்டப்போறவன் பாடு திண்டாட்டம்தான். உனக்குத் தனிச் செம்பு, தனித் தட்டு, முத்தம் குடுக்கணும்னாக்கூட அவன் முதல்ல வாயைப் புளிபோட்டு விளக்கணும்." "போடா எச்சில்காரா." அந்தச் சிரிப்புத் தலையைத்தான் ராசாவின் ஆட்கள் வெட்டி ஆற்றங்கரை மருதமரத்தில் தொங்கவிட்டார்கள். மூன்று நாள். அந்த வாயிலும் ஈ உட்கார்ந்திருந்தது. இதே ஈயாகக்கூட இருக்கலாம், யார் கண்டது. ஈக்கு எத்தனை நாள் ஆயுசு? ஒரு வருஷம் இருக்காது. இருக்காது, ஆனால் அதன் பிள்ளை, பேரன். சே, என்ன நினைப்பு இது, வெற்றிலையைத் துடை.

காம்பைக் கிள்ளு, நுனியைக் கிள்ளு, முதுகு நரம்பை உரி. நரம்பு உரிகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்கும். பாக்குச் சீவலைத் தட்டில் பரப்பிக் கண்ணால் சலித்துப் பார்க்கிறாள், புழு இருக்கக் கூடாது. வந்த முதல் மாதம் ஒரு கொட்டைப்பாக்கில் இருந்துவிட்டது. வெள்ளையாய், தலை மட்டும் கறுப்பாய், அரிசி அளவு. பந்தளத்திலிருந்து வந்திருந்த சம்பந்தி ஒருவர் வாயில் போட்டுத் துப்பிவிட்டார். தலைச்சேடி அழகியநாச்சி, அரண்மனைப் பெண்களுக்கெல்லாம் மேலாள், அவள் ஒரு கத்தல்கூடப் போடவில்லை. துப்பினதைத் தட்டில் எடுத்துக்கொண்டு வந்து பிரமுவின் முன்னால் வைத்தாள். "இந்த அரண்மனையில ஒரு முறை உண்டு பிள்ளே. மடிச்சது கெட்டுப்போயிருந்தா மடிச்சவளே திங்கணும். கையிலிருந்து போனது வாய்க்குத் திரும்பி வந்தாத்தான் மறுதரம் கண்ணு முழிச்சிருக்கும்." "நாச்சியா, அவுக மென்னு துப்பினது…" "ஆமா. மென்னு துப்பினதுதான். புதுசா மடிச்சுத் தரவா சொன்னேன்? தின்னுட்டு வாயைத் திறந்து காட்டு." தின்றாள். அண்ணன் பேரைச் சொல்லிக்கொண்டே விழுங்கினாள். அழகியநாச்சி இரண்டு விரலால் அவள் தாடையைப் பிடித்து, மாட்டுக்குப் பல் பார்க்கிறமாதிரி நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பார்த்தாள். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை, மூன்று நாள் இறங்கவில்லை. இப்போது நினைத்தாலும் அடித்தொண்டையில் ஏதோ நெளிகிறது.

பெட்டிக்குள் இரண்டு சுண்ணாம்புக் கிண்ணம். வலப்பக்கம் வெள்ளி, இடப்பக்கம் பித்தளை. வலப்பக்கச் சுண்ணாம்பு ஊர்ச் சுண்ணாம்பு. இடப்பக்கத்தது ஆவுடை மதினி நஞ்சு கலந்து கொடுத்தது. மடிக்கிறவள் முதல் வெற்றிலையைத் தானே போட்டுக் காட்டிவிட்டு இரண்டாவதைத்தான் ராசாவுக்குக் கொடுக்க வேண்டும், அதுவும் இங்கே ஒரு முறை. ஆகவே தனக்கு வலது, அவருக்கு இடது. தனக்கு ஆள்காட்டி விரல், அவருக்கு மோதிரவிரல். சங்கிலியின் பெண்டாட்டி ஆவுடை, கைப்பிள்ளையை ஒரு தொடையிலும் மூத்ததை மறு தொடையிலும் போட்டுக்கொண்டு, பிரமுவின் கண்ணை முந்தானையால் கட்டிவிட்டு ஒரு மாதம் பழக்கினாள். "கையைப் பார்க்காதே. கையைப் பார்த்து மடிக்கிறவளை அரண்மனையில ஒரு நாள் வச்சிக்க மாட்டாக. முகத்தைப் பாரு. ராசா முகத்தையே பாரு. கை தானாப் போகணும். வலது, ஒண்ணு. இடது, ரெண்டு. ம், இன்னொருக்க." தப்பு விரல் போனால் விறகுக் குச்சியால் மணிக்கட்டில் ஒன்று வைப்பாள். அடித்துவிட்டு அவளே தடவியும் விடுவாள். அழவே மாட்டாள் ஆவுடை. அழுகையெல்லாம் உறைந்து அந்தக் கிண்ணத்துக்குள் போய்விட்டதோ என்னவோ. பிரமு பிடிபட்டால் முதலில் அவளைத்தான் தேடிப் போவார்கள், அப்புறம் அந்த இரண்டு பிள்ளைகளையும். வேரோடு எடுப்பதுதான் இந்தப் பாளையத்துத் தண்டனை. அது ஆவுடைக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்தாள்.

முகத்தையே பாரு என்றாளே பாவி, எத்தனை நாள் பார்ப்பது? முகம் என்று ஒன்று எங்கே இருந்தது, தாடிதான் இருந்தது. அதில் பழைய நெய் வாடை. நகம் ஒவ்வொன்றும் மஞ்சளாய் வளைந்து, ஆந்தைக் கால் மாதிரி. தினம் சாயங்காலம் ராணியின் ஊஞ்சல்பலகையில் ஒரு வெற்றிலை மடித்து வைக்க வேண்டும், அவர் தரையில் உட்கார்ந்து வெறும் பலகையோடு பேசுவார். இருட்டினதும் அந்த வெற்றிலையை எடுத்துப் போய் ஒரு பானையில் போட்டுக்கொள்வார், எறியமாட்டார். ஒருநாள் மூடி திறந்திருந்தது. முந்நூறு வெற்றிலை, கறுத்து, சாம்பல் பூத்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே ஏதோ ஊர்ந்தது. பிரமு வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அவளுக்குப் பின்னாலேயே வந்து நின்றுகொண்டு, "நாறுதா?" என்றார். சேடிகள் யாரானாலும் இல்லை சாமி என்றுதான் சொல்லியிருப்பார்கள். "நாறுது ராசா. செத்த எலி கணக்கா நாறுது" என்றாள். அவர் "ஆமா, எனக்கும் நாறும். யாருமே சொல்லல" என்றார். மறுநாள் அவளையே கூட்டிக்கொண்டு போய்ப் பானையோடு தோட்டத்தில் புதைத்தார். மண் தள்ளும்போது நகம் ஒன்று மடிந்து ரத்தம் வந்தது. அதைத் துடைக்கத் தன் முந்தானையைக் கிழித்தாளே, அந்தக் கையைத்தான் வெட்டியிருக்க வேண்டும். அன்றையிலிருந்து பலகையோடு பேசுவதை விட்டுவிட்டு அவளோடு பேச ஆரம்பித்தார். அவளும் ம் போட ஆரம்பித்தாள். சாயங்காலம் எப்போது வரும் என்று நிழலைப் பார்க்க ஆரம்பித்தாள், அதுதான் எல்லாவற்றிலும் அசிங்கம், படிக்கத்தையும் புழுவையும்விட. அண்ணனைத் தின்றவன் வருகிற காலடிக்குக் காது நீளுகிறதே, இது என்ன உடம்பு, இதைப் புளிபோட்டுத் தேய்க்க முடியுமா?

"பரிசலைத் தள்ளச் சொன்னது நான்தான்" என்று ஐப்பசியில் ஒருநாள் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது. "வெள்ளம் சுழிக்குது சாமி, இன்னிக்கு வேணாம், நாளைக்குப் போகலாம், அக்கரை அம்மன் எங்கயும் போயிட மாட்டான்னு அந்தப் பரிசல்காரன் கும்பிட்டுச் சொன்னான். தள்ளுடான்னேன். அவ தண்ணில போனா. அவன் நீந்திக் கரையேறிட்டான். ஈரத்தோட வந்து என் காலில விழுந்தான். அவன் உசுரோட இருக்கானே, அவ இல்லியேன்னு… அவன் பேர்கூட எனக்குத் தெரியாது." பிரமுவின் வாயில் பேர் வந்து பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. விழுங்கினாள். அவர் அழுதார், மூக்கு ஒழுகித் தாடியில் இறங்கியது, அதைத் துடைக்கக்கூடத் தெரியவில்லை, பார்க்க அருவருப்பாக இருந்தது. அருவருப்பாக இருந்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. பாவம் என்று ஒரு சொல் உள்ளே எழும்பியது. யார் பாவம்? மருதமரத்தில் தொங்கினவனா, தொங்கவிட்டவனா? அன்றைக்கு அந்தச் சொல்லை வாந்தி எடுத்துவிடலாம் என்று கிணற்றடியில் விரல்விட்டுப் பார்த்தாள். வரவில்லை.

இன்றைக்குத் தாடி போய்விட்டது. ஆற்றிலிருந்து வந்து நின்றபோது யாரோ என்று நினைத்தாள். வெயில் படாத தாடை வெளிறி, கூட்டை விட்டு வந்த நத்தை மாதிரி, தொட்டால் வலிக்கும்போல. நறுக்கென்று ஒரு கீறல் வேறு. நகம் வெட்டிய விரல் நுனியெல்லாம் பிள்ளை விரல் போல. இதென்ன, இவனுக்கு இவ்வளவுதான் வயசா? பந்தி நடக்கும்போது பேசிக்கொண்டார்கள், அவள் காதிலும் விழுந்தது. ஆற்றில் பிண்டம் வைக்கையில் ராசா ஒரு உருண்டை கூடுதலாகப் பிடித்தாராம். யாருக்கு என்று கேட்டால் பரிசல்காரனுக்கு என்றாராம். பேர் கோத்திரம் தெரியாமல் வைக்கலாகாது என்று ஐயர் மறுத்திருக்கிறார். "பேர் தெரியாம வெட்டலாம், பேர் தெரியாம வைக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டுத் தாமே தண்ணீரில் இறங்கி வைத்தாராம். அப்போதே அவள் தீர்மானித்துவிட்டாள், கொல்லப் போவதில்லை. இல்லை. இன்றைக்கு இரண்டு வெற்றிலையும் வலப்பக்கம்தான். மதினி காறித் துப்பட்டும். முகத்திலேயே துப்பட்டும், துடைக்காமல் நிற்பேன். அப்படியானால் இடப்பக்கக் கிண்ணத்தை ஏன் கழுவவில்லை? காலையில் கிணற்றடி மட்டும் எடுத்துப் போனாளே, வாளியை இறைத்தாளே, மூடியைத் திறந்தாளே. வெள்ளையாக, பால்சோறு மாதிரி இருந்தது. அண்ணன் கல்யாணத்தன்று ஒரு வாய் பால்சோறு ஊட்டவந்தான், எச்சில் கை என்று தட்டிவிட்டாள். மூடியைத் திரும்ப மூடிவிட்டாள். அவனுக்கென்று மிச்சமிருப்பது இது ஒன்றுதான், இதையும் கொட்டிவிட்டால் அப்புறம் அவன் செத்ததுக்கு என்ன அடையாளம். இருக்கட்டும், சும்மா இருக்கட்டும், கை அங்கே போகாவிட்டால் போயிற்று. கை போகாது. போகாது.

"பிரமு" என்று கூப்பிட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டார். அழகியநாச்சி தூணோரம் நிற்கிறாள். பிரமு தன் வெற்றிலையை மடித்துப் போட்டுக்கொண்டாள். சுண்ணாம்பு சுரீர் என்றது, நாக்குச் சிவக்கிறது, அழகியநாச்சி பார்த்துத் தலையை ஆட்டினாள். இனி அவருக்கு. முகத்தைப் பார். முகத்தைப் பார்க்கிறாள். அவர் பேசுகிறார். "உலகநாச்சிக்கு நான் எப்படி வெற்றிலை கொடுத்தேன்னு தெரியுமா? பாதியைக் கடிச்சுட்டு மீதியை நீட்டினேன். இந்த வீட்டில தாலிக்கு முன்னாடி அதுதான். வாங்கிப் போட்டுக்கிட்டா அவ இந்த வீட்டுக்காரி." காம்பைக் கிள்ளு, நரம்பை உரி. எதுக்கு இதைச் சொல்கிறார்? தாடைக் கீறலில் ரத்தம் புள்ளியாய் நிற்கிறது. "ஒரு வருஷமா வாய் கசந்து கிடக்கு. நாறுதுன்னு என்கிட்டச் சொன்ன ஒருத்தி நீதான். பொய் சொல்லாத ஒருத்தி." பொய்யா, நானா, ஐயோ, என் வயிற்றிலிருந்து மயிர்க்கால் வரைக்கும் பொய். கண் கலங்குகிறது, அவர் முகம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் ஆடுகிறது, சீவலை வை, மடி, கிராம்பு குத்து, நீட்டு. நீட்டினாள். வாங்கி, சரிபாதியாகக் கடித்தார். தூணோரம் அழகியநாச்சியின் வளையல் குலுங்கியது. மீதிப் பாதியை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் பல் பதிந்து ஈரமாக இருந்தது. எச்சில். அதை வாங்கக் கையை எடுத்தாள், எடுத்த கையைப் பார்த்தாள். பத்து மாதத்தில் முதல் தடவையாகத் தன் கையைப் பார்த்தாள். ஆள்காட்டி விரலில் அவளுக்கு எடுத்த சுண்ணாம்பு காய்ந்து செதில் விட்டிருந்தது. மோதிரவிரலில் ஈரச் சுண்ணாம்பு.

கை போயிருக்கிறது. ஒன்று, இரண்டு. ஆவுடை பழக்கின கை. அவள் அழுதுகொண்டிருக்கும்போது அது தன் பாட்டுக்கு இடப்பக்கம் போய்விட்டு வந்திருக்கிறது. கை போனதா, நான் போனேனா? கிணற்றடியில் மூடியை மூடினவள் யார்? அவர் மெல்லப் போகிறார், தாடை ஒருதரம் அசைந்துவிட்டது. நஞ்சு என்று ஒரு சொல் போதும். சொன்னால் அவர் பிழைப்பார், சாயங்காலத்துக்குள் ஆவுடை வீட்டு வாசலில் குதிரை நிற்கும், பெரியவன் நடக்கிறவன், சின்னது இன்னும் பால் குடிக்கிறது. சொல்லாவிட்டால் அண்ணன் சந்தோஷப்படுவானா? பரிசல்மேல் உட்கார்ந்து சிரிப்பானா? அவன் வேணாம் சாமி என்று கும்பிட்டவன், வெள்ளத்தில் ஒரு நாயைக்கூட விடமாட்டான். இரண்டாம் தரம் தாடை அசையுமுன் பிரமு பாய்ந்து அவர் கன்னத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்து மறு கையை வாய்க்குள் விட்டாள். சூடு. வழவழப்பு. பல்லின் சொரசொரப்பு. நாக்கு விரலைச் சுற்றித் திமிறியது. கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் அடி, கடைவாய் இடுக்கு, ஒரு தும்பு விடாமல் தோண்டி வழித்து எடுத்தாள். எச்சில் மணிக்கட்டு வரை ஒழுகியது.

"ஏ சிறுக்கி, என்னடி பண்றே!" அழகியநாச்சி ஓடிவந்தாள்.

"புழு, நாச்சியா. பாக்கில புழு. பார்க்காம மடிச்சிட்டேன்." செம்பை எடுத்து அவர் கையில் திணித்தாள். "கொப்புளிங்க ராசா. முழுங்காதீங்க. இன்னொருக்க. இன்னும் ஒருக்க."

அவர் கொப்பளித்துத் துப்பிவிட்டு, வாயெல்லாம் தண்ணீர் வழிய, சிரித்தார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு. "தாலி கட்டலாம்னு பார்த்தா தாடையைப் பேத்தெடுக்கப் பார்த்தியே!" அழகியநாச்சிகூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். உடனே திறந்தும் கொண்டாள். "சிரிப்பெல்லாம் அப்புறம். முறை தெரியும்ல பிள்ளே?"

"தெரியும்." உள்ளங்கையில் சிவப்பாக, நசுங்கி, நுரை கட்டிக்கொண்டு கிடந்தது. அவர் கையிலிருந்த மீதிப் பாதியையும் வாங்கிக்கொண்டாள்.

"வேண்டாம் நாச்சி, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடு" என்றார் அவர்.

"முறை முறைதான் ராசா" என்றாள் பிரமு. "ஒண்ணு கேக்கட்டுமா? அடுத்த வருஷம் அந்த உருண்டையை வைக்கையில பேரைச் சொல்லி வைங்க. அவன் பேரு சங்கிலி. ஆத்தங்கரையில எல்லாருக்கும் தெரியும்."

"சங்கிலி" என்று அவர் திருப்பிச் சொன்னார். பாடம் படிக்கிறவர் மாதிரி இன்னொரு தரமும் சொன்னார்.

அவள் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். குமட்டும் என்று காத்திருந்தாள், குமட்டவில்லை. கசந்தது, அந்தக் கசப்புக்கு அடியில் இன்னொருவர் வாயின் சூடு இருந்தது. இவ்வளவுதானா எச்சில், இதற்கா அண்ணா அந்த மாங்காயை வேண்டாமென்றேன், இதற்கா அந்தப் பால்சோற்றை. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள். அழகியநாச்சி நாக்கின் அடியில் பார்த்துவிட்டுச் சரி என்றாள். பிரமு இடப்பக்கக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, கழுவிட்டு வாரேன் என்று கிணற்றடிக்கு நடந்தாள். இந்தத் தடவை கழுவினாள்.

பிரமு கிணற்றடியிலேயே சாய்ந்தவள் எழவில்லையாம். அந்த ராசா இரண்டு நாள் நாக்கு மரத்துக் கிடந்து எழுந்தாராம். அவருக்கு எப்போது புரிந்ததோ, புரிந்ததோ இல்லையோ, ஆவுடை வீட்டு வாசலுக்குக் குதிரை ஒன்றும் போகவில்லை என்றாள் குழல்வாய்மொழி அக்கா. சொல்லி முடிக்கவும் நடை திறக்கவும் சரியாக இருந்தது. எழுந்து போய்க் கும்பிட்டேன், தீர்த்தம் வாங்கினேன், தீர்த்தமும் கசந்தது. இப்போதும் பாருங்கள், சொல்லி முடித்ததும் வாய் கசக்கிறது. அந்தச் செம்பை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்கள்.